பேர் கூப்பிட ஓர் ஆள்

"அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து நடங்கள்" என்று சென்னையிலிருந்து வரும் புத்தகங்களும் காணொளிகளும் சொல்கின்றன. ஜொகூர் பாருவில் ஐந்தரை என்பது நல்ல இருட்டு. சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எட்டிப் பார்க்கும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அன்றிலிருந்து காலை வெளிச்சம் கொஞ்சம் குறைந்து மாலை வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டது. மாலை ஏழு வரைக்கும் மைதானத்தில் பந்து தெரிகிறது.

ஆகவே இந்த ஊருக்கு நடைநேரம் மாலைதான் என்பது என் கட்சி. காலையில் நடக்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள், வேறு ஊரின் விடியலுக்காக எழுதிய அறிவுரையைக் கேட்டு வருந்துகிறார்கள்.

*

மாலை என்று சொன்னதும் ஒரு பெருங்கூட்டம் எழுந்து நின்று கேட்கும்: "எங்களுக்கு மாலை எங்கே இருக்கு?" வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் பாலம் கடப்பவர்கள். 1924-இல் திறந்த கடற்பாலம், நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு கிலோமீட்டருக்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கடப்பிதழைக் காட்டி, உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்து, பன்னிரண்டு மணி நேர சிப்ட் முடித்துத் திரும்பி வந்தால் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். இவர்களைப் பார்த்து "உடம்பைக் கவனிச்சுக்க வேணாமா? மனசு இருந்தா மார்க்கம் உண்டு" என்று சொல்பவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. மனசு இருக்கிறது. மனசு போதாது.

உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஊக்கம் ஊக்கம் என்கிறோம். ஊக்கம் உள்ளே எங்கோ ஊற்றெடுக்கும் என்று நினைத்து அதற்காகக் காத்திருக்கிறோம். பல வருடங்களாக இந்த ஊரில் நடப்பவர்களையும் நடையை நிறுத்தியவர்களையும் பார்த்து எனக்குப் பட்டது இது: தொடர்ந்து நடக்கிறவர்களுக்கு ஊக்கம் வெளியே இருக்கிறது. ஒரு மணியில், ஓர் இடத்தில், காத்திருக்கும் ஓர் ஆளிடத்தில்.

*

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்பாக மாறியபோது மகனோடு இங்கே வந்தவர். ஒருநாள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "பாட்டி, அந்தக் காலத்துல தினமும் அவ்வளவு தூரம் நடக்க எப்படி மனசு வந்துச்சு?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "மனசா? மனசு வந்து யாரு போனா? பெரட்டுல பேர் கூப்பிட்டாங்க. 'இருக்கேன்'னு சொல்லணும். சொல்லலன்னா அன்னிக்குக் கூலி இல்ல."

பெரட்டு எப்படி இருக்கும் என்று பிறகு நிதானமாகச் சொன்னார். விடியும் முன்னே மணி அடிப்பார்கள். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தலையில் முண்டாசு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் உளி. களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி புத்தகத்தை விரித்துப் பெயர் வாசிப்பார், கங்காணி ஆளைப் பார்ப்பார். அதற்கப்புறம் வெட்டுக்காடு. ஆளுக்கு 400, 500 மரங்கள். ஒவ்வொரு மரத்திடமும் குனிந்து, கோடு கீறி, மங்குக் கிண்ணத்தைச் சரிசெய்து அடுத்த மரத்துக்கு நடை. வெட்டி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அதே மரங்களுக்கு மறுபடி நடந்து பால் எடுக்க வேண்டும். இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து, பால் நிறுக்கும் இடம் வரை.

பெரட்டை நான் புகழவில்லை. அங்கே பெயர் கூப்பிட்டது பயமுறுத்தத்தான். காய்ச்சலில் கிடந்தவளையும் அது எழுப்பியது. அந்த உழைப்பின் பலன் எங்கே போனது என்பதும் தெரிந்த கதை. ஆனால் பாட்டி சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் தலைமுறையில் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, யாருக்கும் ஊக்கம் தேவைப்படவில்லை. வாழ்க்கையின் ஏற்பாடே உடம்பை நடக்க வைத்தது. அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. அதன் கொடுமை போனது நல்லது. கூடவே நடையும் போய்விட்டது.

*

மவுண்ட் ஆஸ்டின், ரினி, தெப்ராவ். ஒரு காலத்தில் தோட்டப் பெயர்கள், இன்று பேரங்காடிகளும் மாடி வீடுகளும் நிற்கும் இடங்கள். தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் இன்று வேனில் வந்து இறங்குகிறார்கள். நடந்து போகலாம் என்றால் நடைபாதை பாதி தூரத்தில் கால்வாயில் முடிகிறது.

*

1953-இல் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் லான்செட் இதழில் எழுதிய ஆய்வு. லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குகிறார். மாரடைப்பு ஓட்டுநர்களிடம் தெளிவாக அதிகம். உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தது அங்கேதான். மோரிஸ் தன் கண்டுபிடிப்பை நம்பி உடற்பயிற்சி செய்தவர். 2009-இல் மறைந்தபோது நூறை நெருங்கியிருந்தார்.

அந்த நடத்துநர்களில் ஒருவர்கூட உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படி ஏறவில்லை. சீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது, ஏறினார்கள். பாட்டியின் பதிலேதான் இதுவும்.

*

கசக்கும் எண்கள் சிலவற்றையும் எழுதி வைக்கிறேன். மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய உடல்நல ஆய்வு, 2019: வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். இனங்களுக்குள் நாம்தான் முதலிடம். அதே ஆய்வில், வயது வந்தவர்களில் பாதிப் பேருக்கு எடை கூடுதல் அல்லது உடற்பருமன். நான்கில் ஒருவர் போதிய உடலசைவு இல்லாதவர்.

திருமண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களை மனத்துக்குள் மூன்று மூன்றாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எங்கள் உறவில் கால் விரல் எடுத்த மாமாக்கள், வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சித்திகள். இதை விதி என்று பேசுகிறார்கள். விதி என்று பேச என்னால் முடியவில்லை.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. இனிப்புநீரின் வாசலில் நிற்பவர்கள் 531 பேர், மூன்று வருடம். சாப்பாட்டு ஒழுங்கும் தினம் அரை மணி நேர நடையும் கடைப்பிடித்த குழுவில், எதுவும் செய்யாத குழுவைவிட நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 26.4 விழுக்காடு குறைந்தது. நடையும் மாத்திரையும் ஏறத்தாழ சமம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பெரிதாகக் கூடவில்லை. நம் இரத்தத்தில் நம் சாப்பாட்டோடு நடந்த ஆய்வு என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

*

"நாளையிலேருந்து நடக்கணும்" என்ற வாக்கியம் ஏன் பலிப்பதில்லை?

பிரிட்டனில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்று ஊக்கமூட்டும் செய்தி கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு அதே செய்தியோடு ஒரு தாள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வாய் என்று எழுதிக் கொடு. அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 விழுக்காடு, ஊக்கம் பெற்ற குழுவில் 35, எழுதிக்கொடுத்த குழுவில் 91.

ஊக்கமூட்டும் செய்தி மட்டும் எந்த வித்தியாசத்தையும் செய்யவில்லை. அந்தக் குழுவில் செய்யவேண்டும் என்ற எண்ணம் கூடியிருந்தது, கால் நகரவில்லை. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் அத்தனை ஊக்க வாசகங்களுக்கும் இந்த 35-தான் பதில்.

ஆகவே வாக்கியத்தை மாற்ற வேண்டும். "திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறேகால், திடல் முனையில் இருக்கிற மளிகைக் கடை வாசல்." இப்படி எழுதினால் அதை மீறுவது கண்ணுக்குத் தெரியும். "நடக்கணும்" என்பதை மீறினால் யாருக்கும் தெரியாது, நமக்கே தெரியாது.

*

எங்கள் திடலில் கூடுபவர்கள் எல்லாரும் ஒரே வகை அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர், பாசீர் கூடாங்கில் வேலை பார்க்கும் தம்பி, பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் பாட்டி, இரண்டு சீனப் பெரியவர்கள். அந்த இருவரும் எங்களுக்கு முன்பிருந்தே வருகிறவர்கள். கை வீசும் பயிற்சியை முடித்துவிட்டு இரண்டு சுற்று எங்களோடு வருவார்கள்.

குழுவைக் கட்டி வைத்திருப்பது எதிர்வீட்டு அக்கா. மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து விலகியவர். அவர் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து வெளியே வந்து நிற்பார். ஆள் வரவில்லை என்றால் வீட்டு வாசலுக்குப் போய்க் கூப்பிடுவார்.

"என்னா, ஆளக் காணோம்?"

"இன்னிக்கு முடியலக்கா, வேல விட்டு வந்ததும் ஒரே அசதி."

"நடக்க வேணாம். வந்து அந்தக் கல்லுல உக்காரு. நாங்க சுத்திட்டு வந்து பேசுறோம்."

வந்து உட்கார்ந்தவள் இரண்டாவது சுற்றில் எழுந்து சேர்ந்துகொள்வாள். எழுந்திருக்காத நாட்களும் உண்டு. அக்கா அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. திடலுக்கு வந்ததையே வருகை என்று கணக்கில் வைக்கிறார். வாசலிலிருந்து திடல் வரை வருவதுதான் கடினமான தூரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நுட்பமான முறையைப் பார்க்கவில்லை.

ஒருநாள் பாசீர் கூடாங் தம்பி கேட்டான்: "ஏன்க்கா, நீங்க ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

"நான் தனியா நடக்க மாட்டேன்லா. நீங்க வந்தாதான் நான் நடப்பேன். எனக்குத்தான் கூப்பிடுறேன்."

பெரட்டில் பேர் கூப்பிட்டவனுக்கும் இந்த அக்காவுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. பெயரைக் கூப்பிடுவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

*

சென்னை திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி என்ற குடியிருப்பு. மருத்துவர் வி. மோகன் குழுவினர் அங்கே நீரிழிவு பற்றி ஆய்வு செய்து, கண்டதை அங்கு வாழ்பவர்களிடமே விளக்கினார்கள். மக்கள் என்ன செய்தார்கள் என்றால், தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் முன்பு 14.2 விழுக்காடு. பிற்பாடு மறுபடி கணக்கெடுத்தபோது 58.7. இது 2006-இல் வெளியான செய்தி.

பூங்காவை யாரோ வந்து கட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்த எண் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன். தன் பணம் கிடக்கும் இடத்தை மனிதன் போய்ப் பார்ப்பான். அங்கே பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருப்பார்.

நம் தாமான்களில் திடல் இருக்கிறது. விளையாட்டுச் சாதனம் இருக்கிறது, துருப்பிடித்து. விளக்குக் கம்பம் இருக்கிறது, பல இடங்களில் எரியாமல். ஜொகூர் பாரு மாநகராட்சிக்கும் (எம்பிஜேபி) இஸ்கண்டார் புத்ரி மாநகராட்சிக்கும் (எம்பிஐபி) புகார் எழுதுவதும் உடற்பயிற்சியின் ஒரு பகுதிதான். இதை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

*

காசு கொடுத்தால் நடப்பார்களா? பாலத்துக்கு அந்தப் பக்கம் இதைச் சோதித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்கள், ஆய்வு முடிவு 2016-இல் வெளிவந்தது. சிலருக்கு உடையில் மாட்டும் அடி எண்ணும் கருவி மட்டும், சிலருக்குக் கருவியோடு ரொக்கம், சிலருக்குக் கருவியோடு அவர்கள் பெயரில் தருமம். முதல் ஆறு மாதம் ரொக்கம் வாங்கியவர்கள் நன்றாக நடந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு ரொக்கம் நின்றது, நடையும் சரிந்தது. ஒரு வருடம் முடிந்தபோது கருவியை மாட்டியிருந்தவர்கள் பத்தில் ஒருவர்.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆசிரியர் தன் கைக்கடிகாரத்தில் அடிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மனைவி இறந்த வருடத்தைக் கடந்தார். ஆனால் கருவி நம்மைத் தேடி வாசலுக்கு வராது. இழுப்பறைக்குள் போட்டு மூடினால் அதற்குக் கவலை இல்லை.

*

அடி எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. பத்தாயிரம் அடி என்பது 1960-களில் ஜப்பானில் ஒரு கருவியை விற்கக் கிளம்பிய எண். அதை எட்ட முடியாமல் மனம் விட்டவர்கள் நம்மிடையே நிறைய. 2019-இல் அமெரிக்காவில் மூத்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் அந்த ஆண்டுகளில் மரணம் 41 விழுக்காடு குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் அதிகம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது.

பாலம் கடக்கும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொழிற்சாலை வளாகத்தில் பத்து நிமிடம். பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினால் இன்னொரு பத்து. சாப்பிட்ட உடனே நடப்பது இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். மாலை இல்லாதவர்களுக்கும் மதியம் இருக்கிறது. அங்கேயும் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். "சாப்டாச்சா? வா, ஒரு சுத்து போய்ட்டு வருவோம்" என்று சொல்ல ஒரு கூட்டாளி.

*

பெண்களின் கணக்கு வேறு. மாலை ஆறு மணி என்பது அடுப்பு மணி. ஆண் நடந்துவிட்டு வந்தால் தேநீர் கிடைக்கிறது, பெண் நடந்துவிட்டு வந்தால் "இன்னும் சமைக்கலையா?" என்ற கேள்வி கிடைக்கிறது. ஏழரைக்குப் பிறகு போகலாம் என்றால் இருட்டு, தெருநாய்கள், மோட்டாரில் வந்து கைப்பையைப் பறிப்பவர்கள். கூட்டமாக நடப்பது ஆணுக்கு வசதி. பெண்ணுக்கு அதுவே கதவு.

எதிர்வீட்டு அக்காவின் குழுவில் உள்ள பெண்கள் வீட்டில் ஒரே பொய்யைத்தான் முதலில் சொன்னார்கள்: "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்." கோயிலுக்கும்தான் போனார்கள், சுற்றுவழியில். கோயில் என்றால் யாரும் தடுப்பதில்லை. தன் உடம்புக்காக ஒரு மணி நேரம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இன்னும் இவ்வளவு கூச்சம் இருப்பது எனக்கு வலிக்கிறது. இப்போது சிலர் "நடக்கப் போறேன், குக்கர் மூணு விசில் வந்தா அடுப்ப அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். கணவர்மார் அணைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

*

2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தகப்பனுக்குச் சனி, ஞாயிறு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வெள்ளி, சனி. குடும்பம் சேர்ந்திருந்தது சனிக்கிழமை ஒரே நாள். அந்த ஒரு நாளில் சந்தை, கல்யாணம், கருமாதி, டியூசன் எல்லாம். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது.

இதை அரசியல் செய்தியாகத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு இது உடல்நலச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குத் திடலில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஓடுவதை இப்போதுதான் பார்க்கிறேன். உத்தான் பண்டார் பூங்காவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். நல்ல குறை, நீடிக்கட்டும்.

*

நின்றுபோவதைப் பற்றியும் எழுத வேண்டும். எல்லா நடையும் ஒரு கட்டத்தில் நிற்கும். இங்கே அது நிற்கும் சமயங்கள் எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம். நவம்பருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை. புகைமூட்டம். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் வெளியே ஓடுவது உடம்புக்குச் செய்யும் துரோகம்.

அமெரிக்காவில் கேத்தரின் மில்க்மேன் என்ற ஆய்வாளர் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கேட்கக் கேட்கத் தூண்டும் ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் கேட்கலாம் என்று வைத்தார். ஆரம்பத்தில் வருகை ஏறத்தாழ பாதி மடங்கு கூடியது. நவம்பரில் அவர்களுடைய நன்றி நவிலல் விடுமுறை வந்தது, அதன் பிறகு பழக்கம் திரும்பவில்லை. நமக்கு அது தீபாவளி. முறுக்கும் அதிரசமும் குற்றவாளிகள் அல்ல. அறுந்த சங்கிலியை மறுபடி கோக்க ஒரு நாள் குறிக்காததுதான் காரணம்.

இன்னொரு ஆய்வு ஆறுதல் தரும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் தன்னியல்பாக மாற எத்தனை நாளாகும் என்று பார்த்தார்கள். நடுமட்டமாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு போனது. உடற்பயிற்சி சம்பந்தப்பட்டவை தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட நீண்ட காலம் எடுத்தன. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை. "ஒருநாள் விட்டா எல்லாம் போச்சு" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது சரியில்லை. விட்டவனை மறுநாள் போய்க் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அக்கா நீண்ட நாள் வராதவர்களிடம் "ஏன் வரல" என்று கேட்பதே இல்லை. "திங்கக்கெழம வாங்க" என்கிறார். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்கு மறுநாள் இப்படிப்பட்ட நாட்களில் மனிதர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் வருகிறார்கள் என்று அதே மில்க்மேன் குழு காட்டியிருக்கிறது. அக்கா அதைப் படித்ததில்லை.

*

இளைஞர்களுக்கு மலை. குளுவாங்கில் லம்பாக் மலை 510 மீட்டர். சனி, ஞாயிறு காலையில் ஊரே ஏறுவது போலிருக்கும், ஒவ்வொரு வாரமும் ஏறும் எழுபது வயதுக்காரர்களை அங்கே பார்த்திருக்கிறேன். இறங்கி வந்து ரயில் நிலையக் காப்பிக் கடையில் உட்காருவது ஏறுவதற்குச் சமமான காரணம். அந்தக் கடை 1938-இலிருந்து இருக்கிறது. தங்காக் பக்கம் லேடாங் மலை 1,276 மீட்டர். அது வருடத்துக்கு ஒரு தடவை ஏறும் மலை. அதற்கென்று தேதி குறித்துக்கொண்டால் அதற்கு முந்தைய மூன்று மாதம் படிக்கட்டு ஏறுவதற்கு அர்த்தம் வந்துவிடுகிறது. ஏறி இறங்கிய பின் மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் கிடப்பவர்களையும் தெரியும்; அடுத்த தேதியை மலை அடிவாரத்திலேயே குறித்துவிட வேண்டும்.

*

நடப்பது கிழவர்கள் வேலை என்று நினைக்கும் பையன்களுக்கு ஒரு பெயர் சொல்வேன்: கோவிந்தசாமி சரவணன். 1998, கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி, 50 கிலோமீட்டர் நடைப் போட்டி, தங்கம். நான்கு மணி நேரத்துக்கு மேல், வெயில் ஏறும் சாலையில், ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்ற விதிக்குள். அந்தத் தங்கத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் கதையாகச் சொல்வதில்லை. தமிழ்ப்பள்ளியின் காலைக் கூடலில் சொல்லலாம், பிறகு திடலை இரண்டு சுற்றுச் சுற்றி வரச் சொல்லலாம். ஓட முடியாத பருத்த பிள்ளையும் கலந்துகொள்ளும் விளையாட்டு அது.

*

சென்னையிலிருந்து இன்னும் ஒன்று. 2013-இல் ராமச்சந்திரன் குழுவின் வேறோர் ஆய்வு: இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 537 ஆண்கள், வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு உணவையும் உடலசைவையும் நினைவூட்டும் குறுஞ்செய்தி அடிக்கடி போனது. இரண்டு வருடத்தில் செய்தி கிடைக்காதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, கிடைத்தவர்களில் 18. கைப்பேசியில் இரண்டு வரி. பெயர் கூப்பிடுவதன் மிக மெலிந்த வடிவம் அது. அதற்கே இந்தப் பலன்.

ஆகவே பாலம் கடக்கும் தம்பிகளுக்காகத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறோம். ஊக்க வாசகம், சாமி படம், அரசியல் எதற்கும் அதில் இடமில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு ஆசிரியர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுவார். நடந்தவர் "இருக்கேன்" என்று எழுதினால் போதும். அந்தச் சொல்லைத் தோட்டத்துப் பாட்டிதான் தேர்ந்தெடுத்தார். இந்தத் தடவை கூலி பிடிக்க ஆள் இல்லை என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி.

*

மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை. சமூக மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்று முடிவாக வேண்டும். செவ்வாய், வியாழன் பூப்பந்து ஆடும் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி காலி. உள்ளே நடக்க இடம் போதாது, ஆகவே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும் பயிற்சி. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது, அதை நாங்கள் இதுவரை கவனிக்கவில்லை. முட்டிவலிக்காரர்களுக்கு அரசு கிளினிக்கில் உடலியக்க சிகிச்சையாளரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும். மின்னல் அடித்தால் திடலில் யாரும் நிற்கக்கூடாது என்பது கண்டிப்பு. மண்டபத்தின் வாடகை பற்றித் தாமான் குழுத் தலைவரிடம் அக்கா பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். சீனப் பெரியவர்களையும் உடன் அழைத்துப் போகிறார், அவர்களுக்கும் கை வீச மழைபடாத இடம் வேண்டும்.